தூரத்துச் சக்கரம் முதலில்

மாஸ்டர் சிலிண்டருக்கு எது ரொம்பத் தூரமோ
அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.
இடது பின் சக்கரம்.
ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை விரித்து
மல்லாந்திருக்கிறேன்,
செம்பூரில், எங்கள் கட்டிடத்துக் குப்பைத்தொட்டிக்கும்
மீட்டர் அறைக்கும் நடுவே,
மே மாதத்துக் கடைசி ஞாயிறு.
அறுபத்தெட்டாம் வருஷத்து ஃபியட்டுக்கு
மழைக்கு முன்னால் பிரேக் வேண்டும்.

மேலே, என் கண்ணுக்கு எட்டாத சீட்டில்,
அம்புரோஸ்.

அமுக்கு, என்கிறேன்.
அமுக்கியாச்சு.
பிடி.
பிடிச்சிருக்கேன்.
ஸ்பேனரைக் கால் சுற்றுத் திருப்புகிறேன்.
ரப்பர் குழாயில் பழைய எண்ணெய்
கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இறங்குகிறது,
நடுவில் பெரிதாய் ஒரு குமிழி,
பின்னாலேயே பொடிசாய் நாலைந்து.
மாகாளி ஊறுகாய் இருந்த பாட்டிலுக்குள் போய் உடைகின்றன.
எத்தனை கழுவியும் அந்த வாசனை போகவில்லை.
மூடுகிறேன்.
விடு.

பத்து நாளாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.

சயான் சிக்னலில் அன்று பெடல் தரையைத் தொட்டது.
இட்லி மாவுக்குள் கால் போன மாதிரி, என்றான் பிறகு.
ஹேண்ட் பிரேக்கை இழுத்தது நான்.
கரும்புச்சாறு வண்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றோம்.
அவன் திட்டக்கூட இல்லை.
சலங்கை கட்டிய சக்கரத்தைச் சுற்றாமல் பிடித்தபடி
எங்களையே பார்த்தான்.
வித்துடலாம், என்றான் அம்புரோஸ் அன்றிரவு.
ஒரு வாஷருக்காகவா, என்றேன்.
வாஷரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று
முதல் அரைமணி நேரம் இரண்டு பேருமே நம்பினோம்.

எண்ணெய் அமுங்காது. அவ்வளவுதான் விஷயம்.
இங்கே தள்ளினால் அங்கே தள்ளும்.
காற்று அப்படியில்லை.
கடுகளவு போதும்,
எவ்வளவு மிதித்தாலும் சரி சரி என்று சுருங்கி
எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ளும்,
சக்கரத்துக்கு ஒரு வார்த்தை போகாது.
எங்கள் வீட்டில் அது யார் என்பதை
நான் சொல்லப் போவதில்லை.

வலது பின்னால். அமுக்கு. பிடி.
திறந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.
குழாயில் எண்ணெய் பின்வாங்கியது,
ஒரு விரல் நீளம் வெறும் காற்று
வந்த வழியே உள்ளே ஏறிப் போனது.
விட்டுட்டியா?
நீதான் விடுன்னே.
நான் சொல்லல.
சொன்னே.
குழாயின் நுனி பாட்டிலில் எண்ணெய்க்கு மேலே நின்றிருந்தது.
அது என் தப்பு.
அதை நான் சொல்லவில்லை.

அவன் போனோடு கேட் பக்கம் போய்விட
வாட்ச்மேன் பிந்தேஷ்வரியைக் கூப்பிட்டேன்.
செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு
கோவிலுக்குள் நுழைகிறவன் போல ஏறி உட்கார்ந்தான்.
தபாவ், என்றேன்.
தபாயா மேடம்.
நடுவில் ஸ்பேனர் நழுவி வண்டிக்கடியில் ஓடிவிட
குடைக்கம்பியால் துழாவி எடுத்து வந்தால்
இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறான்,
தொடை நடுங்குகிறது, நெற்றியில் வியர்வை.
சோடோ பாய், சோடோ!
நீங்கள் சொல்லவே இல்லையே, என்றான்.

முன் சக்கரத்துக்கு நகர்ந்தபோது
தலைக்கு மேல் டப்பா மூடி திருகும் சத்தம்.
அடிமட்டம் தெரியுது, என்றது அம்புரோஸின் குரல்,
இன்னும் ரெண்டு மிதி மிதிச்சா
மேலேயிருந்தும் காத்து ஏறும்.
கேட்காமலே ஊற்றினான்.
மட்கார்டில் ஒரு சொட்டு விழுந்தது.
பெயின்டைத் தின்றுவிடும் என்று நான் வாய் திறக்குமுன்
ஒரு குவளைத் தண்ணீர் என் காதோரம் வழிந்தது.

கடைசியில் வந்த எண்ணெய் வெளிறின தேன் மாதிரி,
குமிழியே இல்லாமல்.

சுவரை மிதித்தது போலிருந்தது பெடல்.
இப்ப வித்தாலும் நல்ல விலைக்குப் போகும், என்றான்.
ஏறு, என்றேன்.
பிந்தேஷ்வரி கேட்டைத் திறந்தான்.
ரோட்டுக்கு இறங்கும் சரிவில் முதல் கியரில் உருள
நான் மிதிக்கவில்லை இன்னும்,
பக்கத்து சீட்டிலிருந்து
அவன் கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது,
இழுக்காமல்,
விடாமல்.